பெடல் கயாக்கில் மீன்பிடிக்கப் போகலாமா? சிட்னி நண்பருக்கு ஒரு நீண்ட பதில்

கேள்வி இதுதான்: "சிட்னியில் ஹோம்புஷ் பக்கம் இருக்கிறேன், வயது 50 தாண்டிவிட்டது. துடுப்புக் கயாக்கில் மீன்பிடிக்கப் போய்வந்தால் மறுநாள் தோளைத் தூக்க முடியவில்லை. காலால் மிதித்து ஓட்டும் பெடல் கயாக் வாங்கலாமா? விலை இரண்டு மூன்று மடங்கு சொல்கிறார்கள். அந்தக் காசுக்குத் தகுமா? எப்படித் தொடங்குவது, எங்கே போவது?"

தோள் வலி ஒன்றே காரணம் என்றால் அவசரப்பட வேண்டாம். நல்ல துடுப்பும் சரியான வீச்சும் பழகினாலே பாதி வலி குறையும். ஆனால் மீன்பிடிப்புதான் உங்களுக்கு முக்கியம், படகு அதற்கு ஒரு கருவி என்றால், தயங்காமல் பெடல் கயாக் வாங்குங்கள். நான் துடுப்பில் தொடங்கிப் பெடலுக்கு மாறியவன். மாறிய பிறகு கூடியது வேகம் இல்லை. நினைத்த இடத்தில் நிற்க முடிந்ததுதான் பெரிய மாற்றம். மீன் பிடிப்பவனுக்கு அதைவிடப் பெரிய வசதி கிடையாது.

ஏன் என்று விளக்குகிறேன். துடுப்புக் கயாக்கில் ஒரு நல்ல இடத்துக்கு வந்து சேர்கிறீர்கள். துடுப்பை மடியில் வைத்துவிட்டுத் தூண்டில் கோலைக் கையில் எடுப்பதற்குள் காற்று படகின் மூக்கைத் திருப்பிவிடும். ஒரு வீச்சு, அதிகம் போனால் இரண்டு வீச்சு. அதற்குள் 20 மீட்டர் தள்ளிப் போயிருப்பீர்கள். மறுபடி கோலை வை, துடுப்பை எடு, திரும்பி வா. காலை முழுக்க இந்த வேலையிலேயே போகும். பெடலில் இரு கையும் கோலில் இருக்கும், கால் மெதுவாக மிதித்துக்கொண்டே இருக்கும். சுக்கானைத் திருப்ப மட்டும் இடக்கை ஒரு நொடி போய்வரும். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அந்த வித்தியாசத்தில் ஒரு காலைப் பொழுதுக்கு நூறு வீச்சு கூடுதலாகக் கிடைக்கும்.

இந்தப் பெடல் ஏற்பாடு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், நமக்கு அதில் ஒரு சின்ன உறவு இருக்கிறது. கலிபோர்னியாவில் அலைச்சறுக்குப் பலகை செய்துகொண்டிருந்த ஹோபி ஆல்டர், 1960களின் இறுதியில் இரட்டை உடல் கொண்ட சின்னப் பாய்மரப் படகுகளைக் கட்டத் தொடங்கினார். அதனால்தான் கம்பெனிக்கு ஹோபி கேட் என்று பெயர். அந்த 'கேட்', கேட்டமரான் என்பதன் சுருக்கம். கேட்டமரான் நம் கட்டுமரத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். அதே கம்பெனிதான் 1997இல் மிராஜ் டிரைவ் என்ற மிதி இயக்கத்தைக் கொண்டுவந்தது. வடிவமைத்தவர் கிரெக் கெட்டர்மன். இன்னொரு ஒற்றுமையும் உண்டு. இன்றைய மீன்பிடிக் கயாக்குகள் பெரும்பாலும் மேலே உட்காரும் வகை. அலை மேலே ஏறினாலும் துளைகள் வழியாகத் தண்ணீர் தானே வடிந்துவிடும், படகுக்குள் நீர் தேங்கி மூழ்காது. கட்டுமரம் காலம் காலமாகச் செய்துவந்ததும் அதைத்தான்.

பெடலில் இரண்டு இனம் உண்டு. முதலாவது சிறகு வகை. மிராஜ் டிரைவ் அந்த வகைதான். இரண்டு காலையும் மாற்றி மாற்றி முன்னால் தள்ளுவீர்கள், சைக்கிள் போலச் சுற்றாது. படகின் அடியில் இரண்டு ரப்பர் சிறகுகள் இடமும் வலமும் வீசும், பென்குவின் நீருக்குள் நீந்துவது போல. இதன் பெரிய பலம் ஆழமில்லாத தண்ணீர். ஒரு பெடலை முழுக்க முன்னால் தள்ளினால் இரண்டு சிறகும் படகின் வயிற்றோடு ஒட்டிக்கொள்ளும். சின்னச் சின்ன மிதியாக மிதித்து முழங்கால் ஆழத்தில்கூட நகரலாம். பழைய மாடல்களில் பின்னால் போக வழியில்லை. இயக்கத்தையே கழற்றித் திருப்பிப் போட வேண்டும். பிற்பாடு வந்த 180 மாடலில் ஒரு கயிற்றை இழுத்தால் சிறகுகள் திரும்பிக்கொள்ளும், பின்னோக்கி மிதிக்கலாம். 360 மாடலில் பக்கவாட்டிலும் நகரலாம்.

இரண்டாவது சுழல்விசிறி வகை. நேட்டிவ் வாட்டர்கிராஃப்டின் புரொபெல், ஓல்ட் டவுனின் பிடிஎல் எல்லாம் இந்த ரகம். சைக்கிள் போல மிதிக்க வேண்டும். பின்னால் மிதித்தால் உடனே படகு பின்னால் போகும், கயிறு கியிறு எதுவும் வேண்டாம். ஆனால் அடியில் ஒரு தண்டு எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும். ஆழமில்லாத இடத்துக்கு வரும்போது அதைத் தூக்கியாக வேண்டும். கடற்புல்லும் அறுந்த தூண்டில் நரம்பும் விசிறியில் சுற்றிக்கொள்ளும். முழங்கால் மேலே எழும்பி எழும்பி வருவதால், கோலை மடிக்குக் குறுக்காகப் பிடித்து மீனோடு மல்லுக்கட்டும்போது கொஞ்சம் இடிக்கும்.

இரண்டில் எது? திட்டு திட்டாக மணலும் கடற்புல்லும் உள்ள ஆழமற்ற நீரில், மணலில் புதைந்து கிடக்கும் பிளாட்ஹெட் மீனைத் தேடுபவருக்குச் சிறகு. பாலத்தூண், மிதவைத்துறை, நங்கூரமிட்ட படகு இவற்றைச் சுற்றி பிரீம் என்ற மீனைப் பிடிப்பவருக்கு உடனடி ரிவர்ஸ் உள்ள சுழல்விசிறி. இந்த ரிவர்ஸ் விஷயத்தைக் கடையில் பெரும்பாலும் வண்டியைப் பார்க்கிங்கில் நிறுத்துவது போலத்தான் விளக்குவார்கள். உண்மையான பயன் வேறு. பிரீம் இரையைக் கவ்வியதும் சிப்பி ஒட்டிய தூணுக்குள் பாயும். நரம்பு சிப்பியில் உரசினால் முடிந்தது. துடுப்புக்காரர் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. மீன் இழுக்க இழுக்கப் படகும் தூணை நோக்கியே போகும். ரிவர்ஸ் உள்ளவர் இரு கையாலும் கோலைப் பிடித்தபடி காலால் பின்னோக்கி மிதித்து மீனைத் திறந்த நீருக்கு இழுத்து வந்துவிடுவார். சிட்னியின் வடக்கே உள்ள பிட்வாட்டரிலும் சிட்னி துறைமுகத்திலும் மிதவைகளைச் சுற்றிக் கிங்ஃபிஷ் பிடிக்கிறவர்களுக்கும் இதே கதைதான். (ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே கிங்ஃபிஷ் என்றால் வஞ்சிரம் இல்லை. அது பாரை இனம். வஞ்சிரத்தை இங்கே ஸ்பானிஷ் மேக்கரல் என்பார்கள், அது இன்னும் வடக்கே, வெதுவெதுப்பான கடலில்.)

வேகத்தைப் பற்றிக் கேட்பீர்கள். மூச்சு வாங்காமல் மிதித்தால் மணிக்கு ஐந்து, ஐந்தரை கிலோமீட்டர். 12 அடிப் படகை எவ்வளவு ஆவேசமாக மிதித்தாலும் எட்டு கிலோமீட்டரைத் தாண்டுவது கஷ்டம். அந்த நீளத்துப் படகு எழுப்பும் அலையே அதைத் தடுக்கும். அதனால் வேகத்துக்காக விலை அதிகமான மாடலைத் தேடாதீர்கள்.

எடைதான் பலர் கவனிக்காமல் மாட்டிக்கொள்ளும் இடம். ஹோபி அவுட்பேக் போன்ற ஒரு நடுத்தரப் படகே வெறும் உடல் 40 கிலோவை ஒட்டி வரும். அவர்களின் பெரிய மாடலான புரோ ஆங்லர் 14 எல்லாம் பூட்டியபின் 60 கிலோவைத் தாண்டும். தோள் வலி இருப்பவர் அதைத் தனியாகக் காரின் கூரைமேல் ஏற்றுவது எப்படி? மிதிக்கும்போது காப்பாற்றிய தோளை ஏற்றி இறக்கும்போது கெடுத்துக்கொள்வீர்கள். டிரெய்லரோ, பின்பக்கமிருந்து உருட்டி ஏற்றும் உருளையோ, கூடவரும் ஒரு ஆளோ இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் சிறிய மாடலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெரிய படகு வாசலிலேயே கிடக்கும், சின்னப் படகு தண்ணீரைப் பார்க்கும்.

பழையது வாங்கலாமா என்றால், தாராளமாக. பிளாஸ்டிக் உடல் எளிதில் கெடாது. பார்க்க வேண்டியது மூன்று இடம். பெடல் இயக்கம் உட்காரும் குழியைச் சுற்றி விரிசல் இருக்கிறதா, சிறகைத் தாங்கும் எஃகுத் தண்டுகள் நேராக இருக்கின்றனவா, சுக்கான் கயிறுகள் இழுத்தால் வழுக்கிக்கொண்டு வருகின்றனவா. தண்டு வளைந்திருந்தால் பாறையிலோ சிப்பித் திட்டிலோ மோதியிருக்கிறது என்று பொருள். தண்டை மாற்றலாம், ஆனால் விலையில் அதைக் குறைத்துக் கேளுங்கள்.

சரி, படகு வந்துவிட்டது. இருக்கையைச் சரிசெய்வதில் பத்து நிமிடம் செலவிடுங்கள். கால் முழுக்க நீண்டபோதும் முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும். எட்டி எட்டி மிதித்தால் இடுப்பு போய்விடும். தோள் வலிக்குத் தப்பி இடுப்பு வலியில் மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். படகை எப்படி நிறுத்துவது?

பிளாட்ஹெட் மீனை எடுத்துக்கொள்ளுங்கள். தட்டையான தலை, மணலில் புதைந்து கண் மட்டும் வெளியே தெரியும்படி படுத்திருக்கும், நம்மூர் உடுப்பாத்தியின் சொந்தக்காரன். அது நீரோட்டத்துக்கு எதிர்முகமாகப் படுத்து, ஓட்டத்தில் வரும் இறாலையும் சிறுமீனையும் எதிர்பார்த்திருக்கும். தண்ணீர் வற்றும் நேரத்தில் மேட்டு மணல்திட்டிலிருந்து சின்ன உயிர்கள் எல்லாம் ஆழத்துக்கு இறங்கியாக வேண்டும். திட்டு முடிந்து வாய்க்கால் தொடங்கும் அந்தச் சரிவில்தான் பிளாட்ஹெட் இருக்கும். ஆகவே இரை ஓட்டத்தோடு இறங்கி அதன் முகத்துக்கு நேரே வர வேண்டும். நீங்கள் ஆழமான பக்கத்தில், படகின் மூக்கை நீரோட்டத்துக்கு எதிராக வைத்து, ஓட்டம் எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவுக்கு மட்டும் மிதியுங்கள். கரையில் ஒரு மரத்தையும் அதன் பின்னால் ஒரு வீட்டையும் நேர்கோட்டில் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டும் விலகாமல் இருந்தால் நீங்கள் நிற்கிறீர்கள். இப்போது முன்னால், திட்டின் விளிம்பை நோக்கி வீசுங்கள். ஐந்து ஏழு கிராம் ஜிக் ஹெட்டில் (ஈயத் தலை வைத்த தூண்டில் முள்) விரல் நீள ரப்பர் இரை போதும். அடியைத் தொட விடுங்கள், இரண்டு முறை மணிக்கட்டால் சுண்டுங்கள், மறுபடி விழ விடுங்கள். ஓட்டம் இரையை உங்களை நோக்கிக் கொண்டுவரும், தொய்வை மட்டும் சுற்றி எடுத்துக்கொண்டே இருங்கள். பெரும்பாலும் இரை விழும்போதுதான் கவ்வும். கையில் ஒரு 'டக்' தெரியும்.

முகம், படகின் மூக்கு, வீச்சு, மிதி எல்லாம் ஒரே திசையில் இருப்பதைக் கவனித்தீர்களா? இதைத்தான் துடுப்பில் செய்யவே முடியாது. நங்கூரம் போட்டுச் செய்யலாமே என்றால், செய்யலாம், ஆனால் ஓரிடத்தில் கட்டுண்டு போவீர்கள். பெடலில் பத்து வீச்சுக்குப் பின் ஐந்து மீட்டர் நகர்ந்து அடுத்த பத்து வீச்சு. இப்படி ஒரு சரிவு முழுவதையும் சீப்பால் வாருவது போல வாரிவிடலாம்.

காற்று நீரோட்டத்தைவிட வலுவாக இருந்தால் மூக்கைக் காற்றுக்கு எதிராக வையுங்கள். இரண்டும் எதிரெதிராக மோதும் நேரத்தில் அலை குட்டை குட்டையாக நிமிர்ந்து நிற்கும், அப்போது அந்த இடத்தையே விட்டுவிடுவது நல்லது. பிரீம் என்றால் 15, 20 மீட்டர் முன்பே மிதிப்பதை நிறுத்திவிட்டு மிதந்து போங்கள். சிறகு அடிக்கும் அரவம் அமைதியான நீரில் அதற்குக் கேட்டுவிடும் என்பது என் அனுபவம். இடம் மாறும்போது சும்மா போகாமல் ஒரு லூரை, அதாவது செயற்கை இரையை, 20 மீட்டர் பின்னால் விட்டு இழுத்துக்கொண்டே போகலாம். கோலை உங்கள் கண்ணுக்குத் தெரியும் முன்பக்கத் தாங்கியில் வையுங்கள்.

மீன் வந்தபின் வலையில் எடுங்கள், கையால் வேண்டாம். பிளாட்ஹெட்டின் செவுள் ஓரத்தில் முள் இருக்கிறது, மடியில் போட்டால் தொடையைக் கிழித்துவிடும். எட்டிப் பிடிக்கும்போது தலை படகின் விளிம்பைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தலை போன பக்கம் உடம்பும் போகும். நியூ சவுத் வேல்ஸில் டஸ்கி பிளாட்ஹெட் 36 முதல் 70 சென்டிமீட்டர் வரை உள்ளதைத்தான் வைத்துக்கொள்ளலாம், ஒரு நாளைக்கு ஐந்து. 70க்கு மேல் உள்ளவை முட்டையிடும் தாய் மீன்கள். ஒரு படம் எடுத்துவிட்டுத் தண்ணீரில் விடுங்கள், விதிக்காக மட்டும் இல்லை. பிரீம் குறைந்தது 25 சென்டிமீட்டர், ஒரு நாளைக்குப் பத்து. முல்லோவே, அதாவது நம் கத்தாளைக் குடும்பத்துப் பெரியவர், குறைந்தது 70 சென்டிமீட்டர், ஒன்றே ஒன்று. அளவுகள் அவ்வப்போது மாறும், அரசின் ஃபிஷ்ஸ்மார்ட் செயலியைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். மிதிப் படகுக்குப் பதிவும் ஓட்டுநர் உரிமமும் வேண்டாம், மீன்பிடிக் கட்டணம் மட்டும் கட்டியாக வேண்டும்.

ஹோம்புஷ்காரர் என்பதால் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே பரமட்டா ஆறும் ஹோம்புஷ் குடாவும் இருக்கின்றன. அங்கே பிடித்த மீனைச் சமைக்காதீர்கள். ரோட்ஸ் முனையில் பல ஆண்டுகள் இயங்கிய ரசாயனத் தொழிற்சாலைகளின் கழிவில் இருந்த டயாக்சின் என்ற நச்சு அந்தச் சேற்றில் தங்கிவிட்டது. 2006இல் சிட்னி துறைமுகத்தில் வணிக மீன்பிடிப்பையே நிறுத்தினார்கள். ஹார்பர் பாலத்துக்கு மேற்கே பிடித்த எதையும் உண்ண வேண்டாம் என்பதே அரசின் அறிவுரை. கிழக்கே பிடித்ததையும் குறைவாகவே உண்ணச் சொல்கிறார்கள். பிடித்து விடுவதற்கு அருமையான இடம், நிறையப் பிரீம் உண்டு. ஆனால் குழம்புக்கு வேண்டாம். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா ஆற்றங்கரையில் உட்கார்ந்து பிடித்து வந்தால் அவர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

குழம்புக்கு மீன் வேண்டுமென்றால் பாட்டனி குடா, அல்லது வடக்கே மெக்குவாரி ஏரி. இரண்டிலும் 2002இல் வணிக வலைகள் நிறுத்தப்பட்டன, தூண்டில்காரர்களுக்கென்றே விட்டிருக்கிறார்கள். மெக்குவாரி ஏரி பெடல் கயாக்குக்காகவே செய்தது போல இருக்கும். சுமார் 110 சதுர கிலோமீட்டர் உப்புநீர், உள்ளே ஏற்ற வற்று சில சென்டிமீட்டர்தான். கடலோடு சேரும் ஸ்வான்சி வாய்க்கால் மட்டும் வேறு உலகம். ஓட்டம் ஆளையே இழுத்துக்கொண்டு போகும், புதியவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

அந்த ஏரியில்தான் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. கிழக்குக் கரையில் பெல்மாண்ட் பக்கம் விடியலில் இறங்கினேன். கண்ணாடி போலத் தண்ணீர். நல்ல மீன். மேற்கே மேற்கே என்று மிதித்துக்கொண்டே போனேன், கால் வலிக்கவே இல்லை. பத்தரை மணிக்கு வடகிழக்குக் கடற்காற்று எழுந்தது. சிட்னிக் கரையோரத்தில் கோடைக்காலத்தில் அது ஏறக்குறைய தினமும் வருவது, தெரிந்துதான் இருந்தது. திரும்பினால் முகத்துக்கு நேரே காற்று. பாதி வழியில் சிறகில் கடற்புல்லும் யாரோ அறுத்துப்போட்ட நரம்பும் சுற்றிக்கொண்டு மிதி இறுகிவிட்டது. துடுப்பு? காரில். பெடல் இருக்கும்போது அது எதற்கு, இடத்தை அடைக்கிறது என்று விட்டுவிட்டு வந்திருந்தேன். இயக்கத்தைத் தூக்கி மடியில் வைத்துக் கத்தியால் நரம்பை அறுத்து எடுத்து முடிக்கும்போது காற்று என்னை எங்கேயோ தள்ளிவிட்டிருந்தது. அரை மணி நேரத்தில் போன தூரத்தைத் திரும்பி வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கரைக்கு வந்தபோது கால் நடுங்கியது.

துடுப்பில் போகிறவருக்குக் கையே எச்சரிக்கை மணி. ஒரு கிலோமீட்டரில் தோள் 'போதும்' என்று சொல்லிவிடும். கால் அப்படிச் சொல்லாது. திரும்பி வரும் அறிவு இல்லாதவரையும் அது வெகுதூரம் கொண்டுபோய் விட்டுவிடும். பெடல் கயாக்கின் ஆபத்து முழுவதும் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். அதனால் போகும்போது காற்றுக்கு எதிராகப் போங்கள், வரும்போது அது தள்ளிக்கொண்டு வரட்டும். காலைப் பொழுது ஏற ஏறத் திசை மாறும் காற்றையும் கணக்கில் வையுங்கள். கோடையில் திடீரென்று வெயில் அடங்கித் தெற்கிலிருந்து அடிக்கும் சதர்லி பஸ்டர் வரப்போகிறது என்று வானிலைத் துறை சொன்னால் அன்று வீட்டிலேயே இருங்கள். துடுப்பு எப்போதும் படகில். பெடல் இயக்கத்துக்கும் ஒரு கயிறு கட்டுங்கள், கவிழ்ந்தால் அது நேரே அடிக்குப் போய்விடும்.

மிதவை அங்கியைப் பற்றி விதி என்னவோ கரையிலிருந்து 100 மீட்டருக்கு மேல் போனால், திறந்த கடல் என்றால் எப்போதும், என்று பிரித்துச் சொல்லும். நீங்கள் பிரிக்காதீர்கள். காரிலிருந்து இறங்கும்போதே மாட்டுங்கள், காரில் ஏறும்போது கழற்றுங்கள். சூரியன் இல்லாத நேரத்தில் வெள்ளை விளக்கு வேண்டும். தண்ணீர் புகாத உறையில் போன், உடம்போடு கட்டி. படகோடு கட்டிய போன் படகோடுதான் போகும். பிடித்த மீனைப் பையில் போட்டுப் பக்கத்தில் தொங்கவிடும் பழக்கம் வேண்டாம், ஜார்ஜஸ் ஆற்றிலும் துறைமுகத்திலும் கோடையில் புல் ஷார்க் சுற்றும்.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், பெடல் இயக்கத்தை இரண்டு முறை. வேறு பராமரிப்பு பெரிதாக இல்லை. காரின் மேல் பட்டையை இறுக்கிக் கட்டி வெயிலில் நாள்கணக்கில் விடாதீர்கள், பிளாஸ்டிக் அமுங்கி அப்படியே நின்றுவிடும்.

வாங்குவதற்கு முன் ஒருமுறை வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். வாங்கியபின் முதல் இரண்டு பயணத்தை நராபீன் ஏரியில் வைத்துக்கொள்ளுங்கள், பல இடங்களில் நின்றாலே கால் தரையைத் தொடும். முதல் நாள் வேலை ஒன்றுதான்: கவிழ்ந்து ஏறுவது. இடுப்பளவு நீரில் வேண்டுமென்றே படகைக் கவிழுங்கள். அடியில் கைவிட்டு நிமிர்த்துங்கள். பிறகு பக்கவாட்டில் காலை உதைத்து நீந்தி, வயிறு இருக்கைக்குக் குறுக்கே வரும்வரை ஏறி, மல்லாந்து திரும்பி உட்காருங்கள். அகலமான படகை நிமிர்த்துவது கடினம். அடியில் குறுக்காக ஒரு பட்டை போட்டுப் பிடித்து இழுத்தால் வரும். உங்கள் தோள் இதற்கு ஒத்துவருகிறதா என்று அன்றே தெரிந்துவிடும். ஒத்துவராவிட்டால் கரையை ஒட்டியே, கூட ஒரு ஆளோடு மட்டும் போவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள், அதிலும் மீன் நிறைய உண்டு. இரண்டாம் நாள், மரத்தையும் வீட்டையும் நேர்கோட்டில் பிடித்து ஒரே இடத்தில் நிற்கப் பழகுங்கள். பத்து நிமிடம் அவை விலகாமல் நின்றுவிட்டால், மூன்றாம் நாள் தூண்டில் கோலை எடுத்து வாருங்கள்.